நிறம் ‘எடுப்பது’ எப்படி?

அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ துணிக்கடைக்குப் போனால், “நீ கறுப்பு; இந்த வெளிர்மஞ்சள் உனக்கு எடுக்காது” என்று யாரேனும் சொல்லக் கேட்கலாம். மாணவர்களே, இதில் அறிவியல் எவ்வளவு, வெறும் பழக்கம் எவ்வளவு என்று ஆராய்வோமா?

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் உடலின் உட்செல்களைத் தாக்காமல் காப்பது அதன் பணி. சட்டையை மாற்றினால் மெலனின் மாறுவதில்லை. ஆயினும் முகம் வேறாகத் தோன்றுவது ஏன்?

பாரிசிலுள்ள கோப்லேன் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவராக 1824-இல் அமர்ந்தவர் ஷெவ்ரல் என்னும் வேதியியல் அறிஞர். கறுப்பு நூலின் சாயம் மங்கலாக இருப்பதாக அவருக்குப் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தார், சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்யப்பட்ட நிறங்களே கறுப்பை மங்கலாகக் காட்டின! அடுத்தடுத்துள்ள இரு நிறங்கள் தம் வேறுபாட்டை மிகைப்படுத்திக் காட்டும் என்ற விதியை 1839-இல் நூலாக வெளியிட்டார். ஆடைகளுக்கும் படைவீரர் சீருடைகளுக்கும் அதனைப் பொருத்திக் காட்டினார்.

நீங்களே செய்து பாருங்கள். ஒரே பழுப்பு அட்டையிலிருந்து இரு சிறு சதுரங்களை வெட்டுங்கள். ஒன்றை வெள்ளைத் தாளிலும் மற்றதைக் கறுப்புத் தாளிலும் வையுங்கள். வெள்ளையின் மேலுள்ளது சற்றுக் கருமையாகவும், கறுப்பின் மேலுள்ளது சற்று வெளிறியும் தோன்றும். அட்டை ஒன்றே, கண்ணும் மூளையும் செய்யும் ஒப்பீடுதான் வேறு. வெள்ளைச் சட்டைக்கு மேலுள்ள மாநிற முகத்தின் கதையும் இதுவே.

இன்னும் இரு காரணங்கள் உண்டு. வெயிலில் சட்டையில் பட்டுத் திரும்பும் ஒளி, மோவாயின் அடியில் அந்நிறச் சாயலைப் படரவிடும். விளக்குக்கு விளக்கு ஒளியின் கலவையும் மாறும். கடை விளக்கில் ஒத்திருந்த புடவையும் ரவிக்கைத் துணியும் பகலில் பொருந்தாமற் போவதுண்டு. துணியை வாசலுக்கு எடுத்துச் சென்று பார்ப்பது சரியான அறிவியல் முறையே!

இனி ஆவடிக்கு வருவோம். அங்கு 1961-இல் தொடங்கப்பட்ட படைத்துறை உடைத் தொழிற்சாலை, படைவீரர்களுக்கான ஆடைகளைத் தைத்து வருகிறது. போர்க்களச் சீருடையின் நிறம் அணிபவரின் முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படுவதன்று. மண்ணையும் இலையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படுவது. அது சுற்றுப்புறத்திலிருந்து ‘எடுக்காமல்’ இருப்பதே வீரனுக்குப் பாதுகாப்பு. 1840-களில் பெஷாவர்ப் பகுதிப் படையினர் காக்கி அணியத் தொடங்கியதும் இதற்காகவே. ‘காக்’ என்றால் புழுதி. சாலைப் பணியாளரின் ஆரஞ்சு மேற்சட்டையோ பளிச்சென எடுத்துத் தெரிய வேண்டும். அதுவே அவருக்குப் பாதுகாப்பு.

ஆகவே, எடுப்பதும் எடுக்காததும் மனிதரின் குறையோ நிறையோ அல்ல. இரு பரப்புகளுக்கு இடையேயுள்ள வேறுபாட்டின் அளவு. வெளிர்மஞ்சளின் அருகே கருந்தோல் இன்னும் கருமையாகத் தெரியும் என்பது வரை அறிவியல். அப்படித் தெரிவது அழகன்று என்பது அறிவியல் அன்று. மனிதர் சேர்த்துக்கொண்ட தீர்ப்பு. ஷெவ்ரலின் விதியில் அதற்கு இடமே இல்லை.

அடுத்த முறை துணி எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பாருங்கள். என்ன மாறுகிறது என்பதைக் கண் சொல்லட்டும். எது வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.