படம் வேறு, எழுத்து வேறு: மாணவர்க்கு ஒரு பாடம்



கணினியில் படம் திருத்தவும் இணையப்பக்கம் அமைக்கவும் நம் பிள்ளைகள் ஆவலுடன் முன்வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், வண்ணம் பூசுவதிலேயே பொழுதைப் போக்கி, அடிப்படையை விட்டுவிடுவோர் பலர். அவ்வடிப்படையை இங்கே சுருக்கமாகச் சொல்வோம்.

முதலாவது, படத்தின் அளவு. கணினிப் படம் என்பது பிக்சல் எனப்படும் சிறு புள்ளிகளின் அடுக்கு. கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று அகலத்தில் 4,000, உயரத்தில் 3,000 புள்ளிகள் உடையதாயின், மொத்தம் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகளாகும். இணையப்பக்கத்திலுள்ள சாதாரணப் படத்திற்கு 800க்கு 600 பெரும்பாலும் போதும். அது 4 இலட்சத்து 80 ஆயிரமே. அதாவது 25இல் ஒரு பங்கு. ஒரு கிலோ சீனி கேட்டு வந்தவர் தலையில் 25 கிலோ மூட்டையை ஏற்றுவோமா? பெரிய படத்தை அப்படியே போட்டால் பக்கம் திறக்கத் தாமதமாகும். பார்க்க வந்தவர் போய்விடுவார்.

இரண்டாவது, வேலையின் முறை. மூலப்படத்தைத் தொடாமல் வைத்து, அதன் நகலிலேயே வேலை செய்யுங்கள். வேண்டாத ஓரங்களை வெட்டுங்கள், வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள், அளவைக் குறையுங்கள். புகைப்படத்தை ஜேபெக் முறையிலும், கோடும் எழுத்தும் நிறைந்த சின்னங்களைப் பிஎன்ஜி முறையிலும் சேமிப்பது நலம். ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் தெளிவு குறைந்துகொண்டே போகும். மூலத்தைக் காக்கச் சொல்வது இதனாற்றான்.

இதற்குப் பொருட்செலவு வேண்டியதில்லை. கிம்ப் என்னும் மென்பொருள் இலவசம். 1995ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அதைத் தொடங்கியவர்கள் இரு மாணவர்களே என்பது கவனிக்கத்தக்கது.

மூன்றாவதே முக்கியமானது. விலைப்பட்டியல், கூட்ட அறிவிப்பு முதலியவற்றை எழுத்தோடு சேர்த்து ஒரே படமாக்கிப் பக்கத்தில் ஒட்டிவிடும் வழக்கம் பெருகியிருக்கிறது. சிறிய திரையில் அவ்வெழுத்து மங்கும். தேடுவோர்க்கு எளிதில் அகப்படாது. பார்வையற்றோர்க்குப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கு அது சொல்லாகவே தெரியாமற்போகலாம். ஒரு பொருள் ஐம்பது காசு ஏறினாலும் படம் முழுவதையும் புதிதாய்ச் செய்ய வேண்டும்.

ஆகவே எழுத்தை எழுத்தாகவே இடுங்கள். எச்டிஎம்எல் என்னும் பக்கமொழியில் தலைப்புக்கு ஒரு குறி, பத்திக்கு ஒரு குறி, படத்திற்கு ஒரு குறி உண்டு. படக்குறியில் ‘ஆல்ட்’ என்ற இடத்தில், படத்தில் இருப்பதை ஒரு வரியில் எழுதுங்கள். படம் தெரியாதவர்க்கு அவ்வரி துணையாகும்.

ஒரு காலத்தில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு மாறியதால், தமிழைப் படமாக இட நேர்ந்ததுண்டு. 1991இல் யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தது. 1997இல் சிங்கப்பூரிலேயே தமிழ்நெட் மாநாடு கூடி, கணினித் தமிழை ஒழுங்குபடுத்த முயன்றது. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த எழுத்தை மீண்டும் படத்துக்குள் பூட்டி வைப்பது முறையாகுமா?

பயிற்சி: உங்கள் வட்டாரக் கடை ஒன்றுக்கு ஒரு தலைப்பு, இரண்டு பத்தி, ஒரு படம் கொண்ட பக்கம் அமையுங்கள். பின்னர் அதை வீட்டுப் பெரியவரின் பழைய கைப்பேசியில் திறந்து, அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். தடையின்றி வாசித்தாரானால் நீங்கள் தேறிவிட்டீர்கள்.