கடல் கடக்குங் கடிதமும் அதன் கூலியும்

இம்மலரின் ஒரு படியை உள்ளூரில் வாழும் பழைய மாணவர் ஒருவருக்கு அனுப்ப ஆகுஞ் செலவு சிறிது. அதே படியைக் கடல்கடந்து வாழும் மற்றொருவருக்கு அனுப்பப் புகின், தபாற்கூலி பன்மடங்காகின்றது. இஃது ஏன் என்னும் வினாவுக்கு விடை காணவேண்டின், நாடுகள் பல ஒன்றுகூடித் தபாலைப் பொதுப்பணியாக்கிய வரலாற்றையும், அவ்வேற்பாடு இன்று எய்தியுள்ள இடரையும் நாம் அறிதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஒவ்வோர் அரசும் பிற அரசுகளோடு தனித்தனியே தபால் உடன்படிக்கை செய்திருந்தது. கடிதம் கடந்துசெல்லும் நாடுகளெல்லாம் தத்தம் பங்கைக் கேட்டன. ஒரே ஊருக்குச் செல்லுங் கடிதத்துக்கும், செல்லும் வழிக்கேற்பக் கூலி வேறுபட்டது. பிரித்தானியாவிலே, றோலண்ட் ஹில் என்பாரின் முயற்சியால், 1840 ஆம் ஆண்டில் அரை அவுன்சுக் கடிதத்துக்கு, தூரம் யாதாயினும், ஒரு பென்னியே கூலி என்னும் முறை வந்தது. ஒரு நாட்டினுள்ளே கைகூடியது உலகிலும் கைகூடாதோ என அறிஞர் எண்ணலாயினர்.

1863 இல் பதினைந்து நாடுகளின் பேராளர் பாரிசு நகரிற் கூடிச் சில பொதுநெறிகளை ஆராய்ந்தனர். 1868 இல் வட ஜேர்மனியத் தபால் அதிகாரியாகிய ஹைன்றிக் வொன் ஸ்ரெபான், நாடுகளுக்கெல்லாம் பொதுவான தபாற் சங்கம் ஒன்றுக்குத் திட்டம் வகுத்தார். இடையிலே போர் குறுக்கிட்டது. பின்னர் 1874 ஒக்ரோபர் 9 ஆம் நாள், சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிலே அச்சங்கத்துக்கான உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அந்நாளே இன்று உலகத் தபால் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. இலங்கை 1877 இலேயே இதிற் சேர்ந்தது. 1878 இல் ‘சருவதேசத் தபாற் சங்கம்’ எனப் பெயர் பூண்ட இது, 1948 முதல் ஐக்கிய நாடுகள் தாபனத்தின் சிறப்பு நிறுவனமாக விளங்குகின்றது. இன்று 192 நாடுகள் இதன் அங்கத்தவராகும்.

சங்கம் தோன்றியபோது அதன் அடிப்படை நெறிகள் மூன்றாக இருந்தன. முதலாவது, கடிதப் போக்குவரத்தைப் பொறுத்தவரை அங்கத்துவ நாடுகள் யாவும் ஒரே நிலப்பரப்பாகும். இரண்டாவது, பதினைந்து கிராம் நிறையுள்ள கடிதத்துக்கு எங்கும் பொதுவில் ஒரேயளவான கூலி. மூன்றாவது, முத்திரை விற்ற நாடே அப்பணத்தை வைத்துக்கொள்ளும். பெறும் நாடு யாதுங் கேளாது கடிதத்தை வீட்டிற் சேர்ப்பிக்கும்.

இம்மூன்றாம் நெறியே நம் சிந்தனைக்குரியது. பெறும் நாட்டின் தபாற்காரர் எவ்வூதியமும் கருதாது பிறநாட்டுக் கடிதத்தை ஏன் சுமத்தல் வேண்டும்? கடிதம் பெற்றவர் மறுமொழி எழுதுவார். அதனால் வரவும் செலவும் ஒத்துப்போகும் என முன்னோர் கருதினர். கணக்கெழுதும் தொல்லையும் ஒழிந்தது. அது நன்னம்பிக்கையின்மேல் எழுந்த ஏற்பாடு.

ஆயினும், நூலுக்கும் சஞ்சிகைக்கும் மறுமொழி வருவதில்லை. சில நாடுகள் மிகுதியாக அனுப்பின. சில மிகுதியாகப் பெற்றன. எனவே 1969 இல் தோக்கியோவிற் கூடிய மாநாடு, மிகுதியாகப் பெறும் நாட்டுக்கு ஈடு கொடுக்கும் முறையை ஏற்றது. இதனைச் ‘சேருமிடக் கூலி’ எனலாம். வளர்முக நாடுகளுக்கு இக்கூலி குறைவாக வைக்கப்பட்டது.

இணையவழி வணிகம் பெருகியபின் தராசு பெரிதுஞ் சாய்ந்தது. சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சிறுபொதி அனுப்பும் கூலி, அமெரிக்காவினுள்ளேயே அனுப்பும் கூலியினுங் குறைந்திருந்தமை பூசலுக்கு வித்தாயிற்று. 2018 ஒக்ரோபரில் அமெரிக்கா சங்கத்தினின்று விலகப்போவதாக அறிவித்தது. 2019 செத்தெம்பரில் ஜெனீவாவிற் கூடிய விசேட மாநாடு, பெறும் நாடுகள் வரம்புக்குட்பட்டுத் தம் கூலியைத் தாமே வகுக்கலாம் எனப் படிப்படியாக இடமளித்தது. சங்கம் பிளவுபடாது தப்பியது. ஆனால் அனுப்புவோர் மீது சுமை ஏறியது.

பிற காரணங்களும் உள. கடிதங்கள் அருகின, தபாற்காரர் நடக்கும் தெருவோ குறையவில்லை. ஆகவே ஒவ்வொரு கடிதத்தின்மேலும் விழும் செலவு கூடிற்று. 2020 இல் பெருந்தொற்றினாற் பயணிகள் விமானங்கள் நின்றபோது, அவற்றிற் சென்ற தபாலும் தடைப்பட்டது. விமானச் சரக்குக் கூலி உயர்ந்தது. 2025 ஓகத்து 29 இல், 800 டொலர் வரை பெறுமதியுள்ள பொருள்களுக்கு இருந்த சுங்கத்தீர்வை விலக்கை அமெரிக்கா நீக்கிற்று. அன்று அந்நாட்டுக்குச் சென்ற தபால், ஒரு வாரத்துக்கு முந்திய அளவினும் 81 வீதங் குறைந்ததெனவும், 88 தபாற் சேவைகள் முற்றாகவோ பகுதியாகவோ தம் பணியை நிறுத்தினவெனவும் சங்கம் அறிவித்தது.

வள்ளுவர் ஒப்புரவுக்கு ஓரதிகாரமும் நடுவுநிலைமைக்கு ஓரதிகாரமும் வகுத்தார். தபாற் சங்கம் ஒப்புரவிற் பிறந்தது. நடுவுநிலை தவறியபோது தளர்ந்தது. சுமப்பவர் தம் உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயமே. ஆயினும், வணிகன் அனுப்பும் ஆயிரம் பொதிகளையும், தாய் மகனுக்கு அனுப்பும் ஒரு பொதியையும், கல்லூரி அனுப்பும் ஒரு மலரையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது என்பதே எம் கருத்து.

மாணவர்காள்! அடுத்தமுறை அயல்நாட்டு முத்திரையொன்றைக் காணும்போது அதன் அழகை மட்டும் நோக்காதீர்கள். அம்முத்திரையின் விலையைப் பெறாத வேறொரு நாட்டின் ஊழியர், ஒருவர் சொல்லை மற்றொருவர் வாயிலுக்குச் சுமந்து வந்தார் என்பதையும் எண்ணுங்கள். அந்நம்பிக்கையைக் காத்தல் அரசுகளின் கடன். கிடைத்த கடிதத்துக்கு மறுமொழி எழுதுதல் நம் கடன்.