பாசியும் ஊனும்

ஊன் என்னுஞ் சொல் நம் மொழியில் உடம்பையும் இறைச்சியையும் ஒருங்கே குறிப்பது. ஓருடம்பு அழிந்தாலன்றி இறைச்சி கிடையாது என்பது தொன்றுதொட்டு வந்த உண்மையாகலின், இருபொருட்கும் ஒரு சொல் அமைந்தமை பொருத்தமாகவே தோன்றுகின்றது. இவ்வுண்மை இந்நூற்றாண்டில் மாறத் தொடங்கியுள்ளது. 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5-ஆம் நாள், ஹாலந்து நாட்டு மாஸ்டிரிக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் போஸ்ட் என்பார், மாட்டின் தசையணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துச் செய்த இறைச்சித் துண்டமொன்றை இலண்டன் மாநகரிற் பலரறியச் சமைப்பித்து உண்பித்தார்.

அவ்வூன் எதனை உண்டு வளர்ந்தது? உயிரணுக்களும் உண்டே பெருகுவன. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் அவற்றிற்கு உணவாம். பெருகுமாறு தூண்டும் பொருள்களும் வேண்டப்படும். முன்னவை பெரும்பாலும் தானியங்களினின்று பெறப்படுவன. பின்னவற்றின் பொருட்டு, கருவுற்ற பசு கொல்லப்படுங்கால் அதன் கருக்கன்றின் குருதியினின்று பிரித்த தெளிநீர் நெடுங்காலம் வழங்கி வந்தது. அவ்விலண்டன் துண்டமும் அதனைக் கொண்டே வளர்ந்தது. கொலையை விலக்கப் புகுந்த முயற்சி கொலையையே சார்ந்து நிற்குமாயின் அதனாற் பயன் யாது?

ஈண்டுப் பாசி துணை செய்ய வருகின்றது. பசுமை பற்றிப் பெயர் பெற்ற பாசியைக் குளத்துப் படியில் வழுக்குவதென்று நாம் இகழ்ந்தொதுக்குவோம். அதன் இனத்ததாகிய குளோரெல்லா, 1890-ஆம் ஆண்டில் ஹாலந்து அறிஞர் பெய்யெரிங்க் என்பவராற் பெயரிடப்பெற்றது. தனித்துக் கண்ணுக்குப் புலனாகாத இவ்வோரணுவுயிர், கதிரொளியும் நீரும் கரியமிலவாயுவும் சில உப்புக்களுங் கொண்டு வளரும். வயலும் உழவும் வேண்டா. உலர்த்திய அதன் எடையில் ஏறத்தாழப் பாதி புரதமாம். அமிலமிட்டுக் காய்ச்சின் அதன் உடல் சிதைந்து சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வெளிப்படும்.

டோக்கியோ மகளிர் மருத்துவப் பல்கலைக்கழகத்து ஷிமிஸு என்பாரும் அவர்தங் குழுவினரும் இச்சாற்றைக் கொண்டு மாட்டின் தசையணுக்களை வளர்த்துக் காட்டினர். 2023-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முறையில், குருதித் தெளிநீரும் இல்லை, தானியச் சத்தும் இல்லை. பாசிச்சாறு உணவாயிற்று, எலியின் ஈரலணுக்கள் சுரந்தவை தூண்டுபொருளாயின. மற்றும் ஒரு நயம் உண்டு. தசையணுக்கள் கழிக்கும் அம்மோனியா அவற்றிற்கே நஞ்சு. பாசிக்கோ அஃது உரம். ஒன்றன் கழிவு மற்றொன்றன் உணவாகின்றது.

எனினும், இம்முறை இடரற்றதன்று. பாசியை நீரினின்று பிரித்தற்கும் காய்ச்சுதற்கும் ஆற்றலும் பொருளும் செலவாம். சிறு கலத்திற் கண்டது பெருந்தொட்டியினும் நிகழ்தல் வேண்டும். உடம்பு அழியாமலே இறைச்சி கிடைக்கும் நாள் வருமாயின், ஊன் என்னுஞ் சொல்லின் இருபொருளும் தனித்தனியே பிரியும். அந்நாளில் அகராதி எழுதப் புகுவோர் குளத்துப் பாசிக்கும் ஒரு வரி ஒதுக்குவாராக.