சும்மா சுற்றும் காலுக்கு இரண்டு பல் மருந்து

கியர் இல்லாத மின்சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பழகிய சங்கடம்: வண்டி இருபது கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் கால் சும்மா சுற்றும், மிதியில் பிடிப்பே இருக்காது. மோட்டாரில் கோளாறு இல்லை. பின்சக்கர மோட்டாருக்குச் செயினோடு சம்பந்தமே கிடையாது. செயின் ஓடும் பற்சக்கரத்தின் பல் எண்ணிக்கையை மாற்றினால் மோட்டாரின் வேகம் கூடாது, காலுக்குத்தான் பிடிப்பு கிடைக்கும். தறியில் சேஞ்ச் வீல் என்ற பற்சக்கரத்தை மாற்றினால் அங்குலத்துக்கு விழும் ஊடை இழைகளின் எண்ணிக்கை (பிக்ஸ்) மாறுமே, அந்தக் கணக்குத்தான் இதுவும்.

முதலில் பல்லை எண்ணுங்கள். முன்னே 38, பின்னே 18 என்று வையுங்கள். 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.07 மீட்டர் போகும். 38ஐ 18ஆல் வகுத்து 2.07ஆல் பெருக்கினால், ஒரு மிதிச் சுற்றுக்கு 4.37 மீட்டர். 25 கி.மீ. வேகத்துக்கு நிமிடத்துக்கு 95 சுற்று மிதிக்க வேண்டும்! அன்றாடம் ஓட்டுகிறவருக்கு 60 முதல் 75 வரைதான் சுகம். பின்பல்லை 16 ஆக்கினால் அது 85க்கு இறங்கும். முன்பல்லையும் 44 ஆக்கினால் 73.

44க்கு ஆசைப்படும் முன் ஆடி மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவைக்குக் கிழக்கே நம் பக்கம் எப்படி வீசும் என்று தாராபுரம், உடுமலைக் காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். கோவை ரோட்டில் மேற்கே போகும்போது பேட்டரி தீர்ந்தால், 20 கிலோவைத் தாண்டும் வண்டியை 44க்கு 16இல் எதிர்காற்றில் மிதிப்பது சாமானியமில்லை. என் கட்சி, முதலில் பின்னே 16 மட்டும் போடுங்கள். செலவும் குறைவு, பிடிக்காவிட்டால் பழையதைத் திரும்ப மாட்டிவிடலாம். முன்பக்கம் கைவைத்தால் மிதிக்கட்டைத் தண்டோடு மாற்ற வேண்டிவரும். அதன் பின்னால் இருக்கும், மிதிப்பதை உணரும் சென்சாரின் காந்த வட்டும் உடையக்கூடும்.

வேலைக்கு வருவோம். பேட்டரியைக் கழற்றி வையுங்கள். மோட்டார் ஒயர் கனெக்டரைத் திருகாமல் நேராக இழுங்கள். அச்சு நட்டுக்குப் பெரும்பாலும் 18 எண் ஸ்பேனர் சேரும். நட்டைத் தளர்த்துவதற்கு முன் இரு பக்கமும் வாஷர் இருக்கும் வரிசையைப் போனில் படமெடுங்கள். அதில் மூக்கு நீட்டியிருக்கும் வாஷர் ஒன்று பிரேமின் காடிக்குள் உட்கார்ந்திருக்கும். அச்சு தானே சுழலாமல் பிடித்திருப்பது அதுதான். திரும்ப மாட்டும்போது அதை விட்டுவிட்டால் மோட்டார் கிளம்பும் வேகத்தில் அச்சு சுழன்று ஒயர் அறுந்துபோகும். பார்க்கச் சின்ன தகடு, தொலைத்தால் மோட்டாருக்கே செலவு.

பின்பல் இருக்கும் ப்ரீவீலைக் கழற்றும் கருவி வாங்கும்போது அதன் துளையைப் பாருங்கள். சாதா சைக்கிள் கருவி மோட்டாரின் தடித்த அச்சுக்குள் நுழையாமல் போகலாம். மோட்டார் ஒயர் ப்ரீவீல் பக்கமாக வெளியே வந்தால் கனெக்டரும் துளைக்குள் போக வேண்டும். மிதிக்க மிதிக்க இறுகிய மரை என்பதால் கைக்கு மசியாது. பக்கத்து லேத் பட்டறையில் கருவியை வைஸில் இறுக்கி, சக்கரத்தை இடப்பக்கமாகத் திருப்பினால் விட்டுக்கொடுக்கும். புதிய ப்ரீவீலுக்கு மரையில் கிரீஸ் தடவி, முதல் சில சுற்று கையாலேயே ஏற்றுங்கள். கோணலாக ஏறினால் மோட்டார் மூடியின் மரையே போய்விடும்.

பின்னே இரண்டு பல் குறைந்ததற்குச் சக்கரத்தைக் கால் அங்குலம் பின்னுக்குத் தள்ளினால் செயின் சரியாகிவிடும். 44க்கு 16 போடுகிறவர்கள் ஒரு அங்குலச் செயின் சேர்த்தால் சக்கரம் பழைய இடத்திலேயே நிற்கும்.

பழைய செயினை எஃகு ஸ்கேலால் அளந்துவிடுங்கள். 12 அங்குலத்தின் இரு முனையிலும் செயின் பின்கள் சரியாக நிற்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தாலும் புதுச் செயின்தான், இல்லாவிட்டால் புதுப் பல்லையும் அது தின்றுவிடும். மாட்டிய செயின் நடுவில் அரை அங்குலம் மேலும் கீழும் ஆடுகிற அளவுக்குத் தொய்வு போதும்.

காலுக்குப் பிடிப்பு வந்த தைரியத்தில் கன்ட்ரோலரின் வேகக் கட்டுப்பாட்டை அவிழ்த்துவிடச் சொல்பவர்கள் வருவார்கள். 250 வாட்டுக்குள் மோட்டார், 25 கி.மீ.க்குள் வேகம் என்ற வரம்புக்குள் இருக்கும்வரைதான் பதிவெண்ணும் ஓட்டுநர் உரிமமும் வேண்டாம்.

ஒரு வாரம் ஓட்டியபின் அச்சு நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். ப்ரீவீல் இன்னும் கொஞ்சம் இறுகியிருக்கும், செயின் தொய்வையும் அப்போதே சரிபார்த்துவிடலாம்.