ஓடிப் பழகும் பெண்ணும் உடம்புச் சூடும்



காவலர் தேர்வுக்காக ஓடிப் பழகும் பெண்பிள்ளைகள் நம் உறுப்பினர் வீடுகளில் உண்டு. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். அந்தச் சின்ன ஓட்டத்தில் சூடு பெரிதாகப் படுத்தாது. அதற்காகத் தினமும் ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்களே, அங்கேதான் கவனம் வேண்டும்.

"விடியக்காலையிலதானே ஓடுறா, வெயிலே ஏறலையே" என்போம். 2019 செப்டம்பரில் கத்தார் நாட்டின் தோஹாவில் உலகத் தடகளப் போட்டி நடந்தது. வெயிலுக்குப் பயந்து பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்படியும் ஓடிய 68 பேரில் 28 பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். எல்லோரும் தங்கள் நாட்டுக்காக ஓட வந்தவர்கள்! தோஹா கடற்கரை ஊர். இரவிலும் 30 டிகிரிக்கு மேல் சூடு, காற்றெல்லாம் ஈரம். நம் காட்டுப்பள்ளிக்கும் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய்.

ஓடும்போது உடம்பு எரிக்கும் சத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றுவது வியர்வை. ஆனால் வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சொட்டிக் கீழே விழுந்தால் நீரும் உப்பும் நஷ்டம், அவ்வளவுதான். ஈரக்காற்றில் துவைத்த துணி காயாமல் கிடக்குமே, அதே கதை. இதயம் காலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், சூட்டை இறக்கத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். கால் தளர்வது சோம்பேறித்தனம் இல்லை.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தானில் கடும் வெயில். அமெரிக்காவின் டீனா காஸ்டர் ஓடுவதற்கு முன் ஐஸ் வைத்த மேல்சட்டை போட்டு உடம்பைக் குளிர வைத்துக்கொண்டார், வெண்கலம் வென்றார். நமக்கு நனைத்த துண்டு போதும். ஓடும் முன்பும் இடையிலும் கழுத்து, முகம், கைகளில் ஒற்றிக்கொள்ளட்டும். உப்புப் போட்ட நீர்மோர் கொடுங்கள். கோடை தொடங்கியதும் முதல் இரண்டு வாரம் ஓட்டத்தைக் குறைத்து, மெல்லக் கூட்டட்டும். துப்பட்டா போட்டுத்தான் ஓடணும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். காற்றுப் படாத உடம்பு எப்படிக் குளிரும்?

பெண் தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, "வியர்க்குதே, ஒண்ணும் ஆகாது" என்று இருந்துவிடாதீர்கள். வியர்க்கும்போதே வெப்பத்தாக்கு வரும், உயிருக்கே ஆபத்து. 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும் வரை நிழலில் கிடத்தி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளியாதவள் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.