கார் ஏ.சி.யில் கேஸ் தீர்ந்து போகுமா?



எங்கள் சித்தப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். வெயில் காலத்தில் ஏ.சி. குளிரவில்லை என்றால் சவாரி வருபவர்கள் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். அதனால் உடனே ஒரு கடையில் விட்டு கேஸ் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். ஒரே வருஷத்தில் மூன்று தடவை ஏற்றினார். கேட்டால், "கேஸ் தீர்ந்து போச்சும்மா, வேற என்ன பண்றது" என்பார். அடுப்பு சிலிண்டர் மாதிரி அதுவும் தீரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அது தப்பு. எங்கள் மாமா கார் ஏ.சி. மெக்கானிக். காலாண்டு லீவில் சித்தப்பா காரை அவரிடம் கொண்டு போனார், நானும் கூடவே போனேன். மாமா கேட்ட முதல் கேள்வி இதுதான்: "மச்சான், சைக்கிள் ட்யூப்ல காத்து இறங்கிக்கிட்டே இருந்தா காத்தடிச்சுக்கிட்டே இருப்பீங்களா, பஞ்சர் பாப்பீங்களா?"

அடுப்பில் கேஸ் எரிகிறது, அதனால் தீர்கிறது. காரில் எரிவதே இல்லை. ஒரே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. கம்ப்ரசர் அதை அழுத்துகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சரில் சூட்டை விட்டுத் திரவமாகிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் திரும்ப ஆவியாகும்போது காருக்குள் உள்ள சூட்டை இழுத்துக்கொள்கிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே ஆவியாதலால்தான். ரப்பர் ஹோஸ் வழியாகப் பல வருஷத்தில் கொஞ்சம் குறையலாம். நாலு மாசத்தில் குறைந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. "மாமா, இதோ லீக்!" என்று கத்தினேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அது லீக் இல்லை. சில்லென்ற டம்ளரின் வெளிப்பக்கம் நீர் கோர்க்கிறதே, அதேபோல் கூலிங் காயிலில் கோர்த்த நீர். அது சொட்டுவது நல்லதுதான்.

நிஜமான லீக்கைப் பார்ப்பது கஷ்டம். ஆர்-134ஏ என்ற அந்த கேஸுக்கு நிறம் கிடையாது. ஆனால் அதோடு கம்ப்ரசர் ஆயிலும் கலந்து ஓடுகிறது. கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் கசிந்து, அதில் தூசி ஒட்டி அழுக்காக இருக்கும். மாமா முதலில் டார்ச் அடித்து அந்த அழுக்கைத்தான் தேடினார். பைப் சேரும் இடங்கள், கம்ப்ரசரின் முன்பக்க சீல், கேஸ் ஏற்றும் வால்வு (சைக்கிள் வால்வு மாதிரி அதற்கும் மூடி உண்டு) எல்லாம் பார்த்தார். ஒன்றும் இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு சோப்புத் தண்ணீர் தடவினார். குமிழி வரவில்லை.

பிறகு மிச்சம் இருந்த கேஸை ஒரு மெஷினால் சிலிண்டருக்குள் இழுத்து வைத்தார். சும்மா திறந்து காற்றில் விடக் கூடாதாம். பழைய கார்களில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தைக் கெடுத்தது, அதனால்தான் 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். அரை கிலோ வெளியே போனால் 500 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதற்கும் மேல், கணக்குப் போட்டுப் பாருங்கள்! சித்தப்பா கார் மூன்று தடவை விட்டிருக்கிறது.

காலியான பைப்புக்குள் நைட்ரஜனை 150 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஏற்றி ராத்திரி முழுக்க விட்டார். நைட்ரஜன் உலர்ந்தது, எரியாது. ஆக்சிஜனை மட்டும் ஏற்றவே கூடாது, ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். காலையில் மீட்டர் 120 காட்டியது. "காலைக் குளிர்ல நாலஞ்சு குறையும், அது இயற்கை. முப்பது குறையாது" என்றார் மாமா. வெப்பம் குறைந்தால் வாயுவின் அழுத்தமும் குறையும் என்பதை நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் முன் பம்பரையே கழற்றினார். கண்டென்சரின் கீழ் மூலையில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு! சோப்புத் தண்ணீர் தடவியதும் கடுகு சைஸில் குமிழிகள் வந்தன. ரோட்டுக் கல் தெறித்து வந்த ஓட்டை. பம்பர் மறைத்திருந்ததால் அதுவரை யாருக்கும் தெரியவில்லை. பம்பரைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகிவிடும்? எனக்குக் கோபம்தான் வந்தது.

(இதைவிட மெதுவான லீக் என்றால் ஒரு சாயத்தை உள்ளே விட்டு, புற ஊதா விளக்கு அடித்தால் பச்சை மஞ்சளாக ஒளிருமாம். சத்தம் போடும் டிடெக்டரும் உண்டு. கேஸ் காற்றைவிடக் கனமானது, அதனால் டிடெக்டரைப் பைப்புக்கு அடியில் பிடிக்க வேண்டும்.)

"பசை வச்சு அடைக்க முடியாதா?" என்று சித்தப்பா கேட்டார். அந்த அழுத்தத்துக்கு அது நிற்காது என்று மாமா சொல்லிவிட்டார். புது கண்டென்சர், புது டிரையர், கழற்றிய இடத்தில் எல்லாம் புது ஓ-ரிங். வெளியே போன அளவுக்கு ஆயிலும் ஊற்றினார். வெறும் கேஸை மட்டும் ஏற்றிக்கொண்டே இருந்தால் ஆயில் குறைந்து கம்ப்ரசரே ஜாம் ஆகிவிடுமாம். அது கண்டென்சரைவிடப் பெரிய செலவு.

கடைசியாக வேக்யூம் பம்ப் 45 நிமிஷம் ஓடியது. அழுத்தம் மிகவும் குறைந்தால் தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகும், அதனால் உள்ளே உள்ள ஈரம் வந்துவிடும். ஈரம் தங்கினால் உள்ளே பனிக்கட்டியாகி அடைக்கும், அமிலமும் உண்டாகும். பம்பை நிறுத்திய பிறகும் முள் நகரவில்லை. அப்புறம்தான் பானட் ஸ்டிக்கரில் போட்டிருந்த கிராம் அளவுக்கு எடை போட்டு கேஸ் ஏற்றினார். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். அந்தத் திரவம் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும், தோலில் பட்டால் உறைந்துவிடும். நெருப்பில் பட்டால் விஷப் புகை வரும்.

சித்தப்பா டைரியின் பின்பக்கம் மூன்று தடவை கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்தார். ஒரு கண்டென்சரே வாங்கியிருக்கலாம். ஒன்றும் பேசாமல் டைரியை மூடி வைத்துவிட்டார்.

பழைய கண்டென்சரை நான் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். நம் அறிவியல் மேசையில் இருக்கிறது. கீழ் மூலையில் ஓட்டையைத் தேடிப் பாருங்கள். ஓரம் கையைக் கிழிக்கும், ஜாக்கிரதை.