தேய வேண்டியது தேயட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

பிக்கப்பில் ஏற்றும் கேம்பரைத் தூக்கி நிறுத்தும் ஜாக்கிகளின் வேலையைத் தனியாக எடுத்துச் செய்யப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். நல்ல முடிவு. ஸ்கார்பரோவில் பிரேக், சைலன்சர் வேலைக்கு ஆளுக்குக் குறைவில்லை. இந்த ஜாக்கியைப் பிரித்துப் பார்க்கப் பொறுமை உள்ளவர்கள்தான் குறைவு. “புதுசு போட்டுடலாம்” என்று சொல்வது எல்லோருக்கும் சுலபம். பிரித்தால் உள்ளே போயிருப்பது பெரும்பாலும் ஒரு பின்னோ ஒரு நட்டோதான்.

முதலில், எங்கே வைத்துப் பிரிக்கிறாய் என்பது. நடுத்தர கேம்பர் காலியாகவே ஒரு டன் வரும். தண்ணீர், பேட்டரி, கேஸ் ஏறினால் பெரியவை இரண்டு டன்னையும் தாண்டும். நான்கு காலில் நிற்கும் அந்தப் பாரத்தில் ஒரு காலைக் கழற்றுவது வேலையல்ல, தற்கொலை. கேம்பர் பிக்கப்பின் மேலேயே இறுக்கிக் கட்டியபடி இருக்கட்டும். அப்போது நான்கு ஜாக்கியும் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். ஒன்றைக் கழற்றி, முடித்து, மாட்டிவிட்டு அடுத்ததைத் தொடலாம். வண்டி இல்லை, கேம்பர் மட்டும்தான் நிற்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னால், அடியில் கனமான கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பாரம் அதில் இறங்கிய பிறகுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும். இதில் நான் வளைந்து கொடுப்பதில்லை.

இனி உள்ளே. மேலே ஒரு ஜோடி பெவல் கியர். கைப்பிடியோ 12 வோல்ட் மோட்டாரோ அதைச் சுற்றும். அது நடுவில் இருக்கும் ஸ்க்ரூவைச் சுற்றும். உள்குழாயோடு பிணைந்த நட்டு ஸ்க்ரூவில் ஏறி இறங்கும். தரையிலிருந்து வரும் பாரம் முழுவதும் நட்டின் பற்கள் வழியாக ஸ்க்ரூவுக்கு ஏறி, அதன் தலைமாட்டில் உள்ள த்ரஸ்ட் பேரிங்கில் போய் முட்டும்.

எஃகு ஸ்க்ரூவுக்கு ஏன் வெண்கல நட்டு போடுகிறார்கள் என்று யோசித்திருக்கிறாயா? இரண்டில் ஒன்று தேய்ந்தாக வேண்டும். விலை குறைந்தது, கழற்ற எளியது எதுவோ அது தேயட்டும் என்பதுதான் கணக்கு. கிரீஸைத் துணியில் வழித்து வெயிலில் பார். மஞ்சளாக மினுங்கினால் நட்டு கரைகிறது. பற்களின் கனத்தில் கால்பங்கு போய்விட்டாலே நான் மாற்றிவிடுவேன், இன்னும் ஓடும் என்று வாடிக்கையாளர் சொன்னாலும். கத்திமுனைபோல் மெலிந்த பல் தேய்வதை நிறுத்திவிட்டு ஒரு நாள் மொத்தமாகச் சீவிக்கொண்டு இறங்கும்.

பின்னும் அப்படித்தான். பல ஜாக்கிகளில் கியரையும் தண்டையும் பிணைப்பது ஒரு ரோல் பின். யாராவது ஜாக்கியை எல்லை தாண்டி ஓட்டினால் முதலில் போவது அது. “மறுபடி உடையக் கூடாது” என்று முன்னால் கை வைத்தவர் அங்கே கடினமான போல்ட் போட்டிருப்பார். போல்ட் உடையாது, கியரின் பல் உடையும். சில டாலர் வேலையை நூற்றுக்கணக்கில் கொண்டுபோய் விடுகிற கெட்டிக்காரத்தனம் இது. அதே அளவு, அதே வகைப் பின்னைப் போடு. கழற்றியதைத் திரும்பப் போடாதே. கியரை எப்போதும் ஜோடியாக மாற்று. தேய்ந்த பல்லோடு புதுப் பல்லைச் சேர்த்தால் புதியது சீக்கிரமே பழசாகும். சும்மா சுற்றும்போது அமைதியாக இருந்து, பாரம் ஏறியதும் டக் டக்கென்று குதித்தால் கோளாறு அங்கேதான்.

ராத்திரி தூக்கி நிறுத்திய கேம்பர் காலையில் ஒரு மூலை இறங்கி நிற்கிறது என்று ஃபோன் வந்தால், எந்த வகை ஸ்க்ரூ என்று முதலில் கேள். ஆக்மி மரை என்றால் (பல்லின் இரு பக்கங்களுக்கும் இடையே 29 டிகிரி) அதன் உராய்வே பாரத்தைப் பிடித்துக்கொள்ளும். பால் ஸ்க்ரூ என்றால் கதை வேறு. குண்டுகள் உருள்வதால் கொடுத்த சக்தியில் 90 சதவீதம் அளவுக்கு வேலையாக மாறும், மோட்டாருக்குச் சுகம். ஆனால் அதே சுகத்தோடு பாரமும் ஸ்க்ரூவைத் திருப்பிச் சுற்றிவிடும். அதனால் தனியாக ஒரு பிரேக் வேண்டும். இறங்குகிறது என்றால் பிரேக் தேய்ந்திருக்கும்; அல்லது நல்ல எண்ணத்தில் யாரோ கிரீஸைத் திணித்து, உலர்ந்து பிடிக்க வேண்டிய இடத்தை வழுக்க வைத்திருப்பார்கள்.

பால் நட்டை வெறுங்கையால் ஸ்க்ரூவிலிருந்து சுற்றி எடுத்துவிடாதே. குண்டுகள் தரையெங்கும் ஓடும். ஒன்று குறைந்தாலும் பாரம் சரியாகப் பரவாது. ஸ்க்ரூவின் அடிவிட்டத்தைவிட மயிரிழை குறைவான குழாய்த் துண்டு ஒன்றை லேத்தில் கடைந்து வைத்துக்கொள். அதை ஸ்க்ரூவின் முனையோடு ஒட்டிப் பிடித்து, நட்டை அதன்மேல் நகர்த்து. குண்டுகள் உள்ளேயே நிற்கும். புது நட்டை ஏற்றுவதும் இதே வழிதான்.

சரிசெய்து மாட்டிய பிறகு, கட்டுகளை அவிழ்த்துவிட்டு, வண்டியை நகர்த்தாமலே கேம்பரை இரண்டு அங்குலம் தூக்கு. வெளிக்குழாயின் விளிம்பை ஒட்டி உள்குழாயில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போ. மறுநாள் கோடு விளிம்புக்குள் போயிருந்தால் பணம் கேட்காதே.

கடைசியாக, இரும்பை விட்டுவிட்டு மரத்தைப் பார். பல கேம்பர்களில் ஜாக்கியின் பிராக்கெட் மூலைச் சட்டத்தில் திருகாணிகளால்தான் பிடித்திருக்கிறது. அந்த ஓட்டைகள் வழியே தண்ணீர் இறங்கி, உள்ளே மரம் ஊறி, வெளித்தகடு மட்டும் பளபளவென்று நிற்கும். நம் ஊர்ப் பனியும் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். திருகாணி ஒன்றைக் கழற்றி, அந்த ஓட்டையில் குத்தூசியைச் செலுத்திப் பார். உறுதியாகத் தடுத்தால் புது பியூட்டைல் டேப் வைத்து மூடிப் பிராக்கெட்டை இறுக்கு. வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் ஜாக்கி வேலையை அங்கேயே நிறுத்திவிடு. வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, ஊசியை அவர் கையிலேயே கொடுத்துக் குத்தச் சொல். உன் வாய்ச்சொல்லை நம்பாதவர் அதை நம்புவார். மரவேலை உனக்கு வராவிட்டால் தெரிந்தவரிடம் அனுப்பு. அது முடியும்வரை எத்தனை கெஞ்சினாலும் ஜாக்கியை மாட்டித் தராதே.

அன்புடன்,
அண்ணன்